வளைவுத் தோட்டத்துக் காலேஜ்

1

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து என் சித்தப்பா மகன் ராமமூர்த்தி வந்திருந்தான். கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். சிங்கப்பூர், மலேசியா சுற்றுலாவில் எங்கள் செரம்பானுக்கு ஒன்றரை நாள் ஒதுக்கியிருந்தான். அந்த ஒன்றரை நாளில் அவன் எங்களைப் பெருமைப்படுத்திய விதத்தைச் சொல்லி முடியாது. ஏரிப் பூங்காவைப் பார்த்து, "நம்ம மகாமகக் குளம் மாதிரி வருமா?" என்றான். பசாரில் மீனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். தெமியாங்கில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என் மனைவி சிவகாமி கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "டின் பாலா?" என்று விசாரித்தான். டின் பால்தான். அவனுக்காக மாட்டைக் கூட்டிவந்து வாசலில் கட்டியிருக்க வேண்டும், மறந்துவிட்டோம்.

என் பேரன் அவனிடம் இங்கிலீஷிலும் மலாயிலும் மாறி மாறிப் பேசியதை, ஒரு துக்க வீட்டில் இருப்பவனைப்போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அதையும் பொறுத்துக்கொண்டேன். புறப்படும்போது அவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எல்லாம் சரி அண்ணா. ஒரு காலேஜ் ஊருக்கு உண்டான களை இந்தப் பக்கத்துல எங்கயுமே இல்லையே. நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தீங்களோ!"

சிவகாமி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராமமூர்த்தி ரயிலேறிவிட்டான். பதில் என்னிடமே தங்கிவிட்டது. அதை உங்களுக்கு எழுதுகிறேன். நான் இரண்டு கல்லூரி ஊர்களில் வாழ்ந்தவன். ஒன்று நீங்கள் அறிந்த கும்பகோணம். இன்னொன்று நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டம். முதலாவதில் படித்துத் தோற்றேன். இரண்டாவதில் தோற்பதையே பாடமாக நடத்தினேன். ஆகையால் இந்த விஷயத்தில் பேச எனக்கு ராமமூர்த்தியைவிடத் தகுதி அதிகம்.

2

ஊரில் ஒரு கல்லூரி இருப்பதால் மட்டும் அது கல்லூரி ஊராகிவிடாது. ஊரில் ஒரு ஜெயிலும்தான் இருக்கிறது. கட்டடமும் மணியும் பேராசிரியரின் தலைப்பாகையும் இதில் சேர்த்தி இல்லை.

கும்பகோணத்தில் என் அம்மா மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். காலையிலிருந்து இரவு வரை அந்தப் பையன்களைத் திட்டிக்கொண்டே போட்டாள். வீடு வாடகைக்கு விட்டவர் திட்டினார், வெற்றிலைக் கடைக்காரர் திட்டினார், சலவைக்காரர் திட்டினார். கோடை விடுமுறையில் பையன்கள் ஊருக்குப் போய்விட்டால் அத்தனை பேரும் களையிழந்து உட்கார்ந்திருப்பார்கள். மாணவனைத் திட்டிக்கொண்டே அவனால் பிழைப்பது, அது முதல் அடையாளம்.

அப்புறம், மாணவனாக இருக்க வயது தாண்டியும் மாணவனாகவே இருப்பவர்கள் சிலர் வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் ஒருவர் இருந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் வக்கீலாகி, தாத்தாவாகிவிட்டார்கள். அவர் மட்டும் கணக்குத் தாளை எழுதிக்கொண்டே இருந்தார். ஊரில் அவருக்கிருந்த மரியாதை பிரின்ஸிபாலுக்குக்கூட இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தேர்வு முடிவு வரும் நாள். அன்று ஊரே வாயில் ஒரு பருக்கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் இன்டர்மீடியட்டில் நான் மறுபடியும் தவறினேன் என்ற செய்தி வந்தது. அப்பா மலாயாவுக்குக் கப்பல் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

3

யுத்தத்தில் மலாயாவுக்கு ஜப்பான்காரர்கள் வந்தபோது நான் கோலா கிளாவாங் போகும் மலைச்சாலையில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தாதான், கொஞ்சம் மிடுக்காகச் சொல்வது. தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. சாலை அந்த இடத்தில் ஒரேயடியாக வளைந்து திரும்புவதால் எங்கள் ஆட்களுக்கு அது வளைவுத் தோட்டம். துரை தப்பி ஓடும்போது தன் நாயை மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டார். எங்களுக்குக் காரில் இடம் போதவில்லை.

ரப்பர் வாங்க ஆளில்லை. பால் மரம் சீவியவர்கள் மரவள்ளி நட்டார்கள். அரிசி கண்ணில் படுவது அரிதாயிற்று, துணி அதைவிட. புது ராஜாங்கத்தில் பஞ்சமே இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான், முத்திரை. சைக்கிள் வைத்திருக்க முத்திரை, பக்கத்துத் தோட்டத்துக்குப் போக முத்திரை, போகும்போது கையில் கோழி இருந்தால் கோழிக்கும் முத்திரை. அதை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கோழி முட்டையிட்டுவிடும். முட்டைக்கு மறுபடியும் ஆபீசுக்குப் போகவேண்டும்.

ஜப்பானிய மொழி கற்பிக்க செரம்பானில் ஒரு பயிற்சிப் பள்ளி வைப்பதாக இருந்தார்கள். அதற்குப் பார்த்த கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. காலியாகக் கிடந்த எங்கள் துரை பங்களா ஒரு அதிகாரியின் கண்ணில் பட்டது. ஒரு லாரி நிறையப் பெஞ்சுகளோடு மோரி சென்செய் வந்து இறங்கினார். சென்செய் என்றால் ஆசிரியர். தன் நாட்டில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தவராம். இடுப்பில் கட்டியிருந்த வாள் நடக்கும்போது அவர் காலையே தட்டிவிடும். யாரையும் அறையமாட்டார். அறையாத ஜப்பான்காரரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு உடம்புக்கு ஏதோ என்றுதான் முதலில் நினைத்தோம்.

பள்ளியில் சேர ஒரு ஆளும் வரவில்லை. பெஞ்சுகளைப் பார்த்துப் பாடம் நடத்தினார், பாவம்.

4

அந்தச் சமயத்தில்தான் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று சொன்னார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டு லாரியை அனுப்பினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, பார்க்க வந்த ஆண்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

லாரிக்காரர்கள் தொடாத ஆட்கள் இருந்தார்கள். மோரி சென்செயின் மாணவர்கள். அவர்கள் கையில் வெள்ளைத் துணிப்பட்டை கட்டியிருக்க வேண்டும், அதைப் பார்த்தால் சிப்பாய் விலகிப் போய்விடுவான்.

இந்தச் செய்தி பரவிய அன்று வளைவுத் தோட்டத்துக்குக் கல்வியின் மேல் பிறந்த காதலைப் பார்க்க வேண்டுமே! தலை நரைத்த கங்காணி சின்னையா, கைநாட்டைத் தவிர வேறொன்றும் அறியாதவர், முதல் ஆளாக என் ஆபீஸ் வாசலில் நின்றார். பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டாமல் அவருக்குப் பேச வராது, இந்த நாட்டு வழக்கம்.

"கிராணியாரே, எனக்கும் ஒரு எடம் போட்டுக் குடுங்க லா. சின்ன வயசுலேர்ந்தே படிக்கணும்னு ஒரே ஆச."

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போக வந்தவர்களுக்குப் பயந்து மரத்தின் மேல் ஒளிந்துகொண்டதாக அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். சேர்த்துவிட்டேன். கிராணி என்பதால் ஆபீசுக்கு நான் தேவைப்பட்டேன், எனக்குப் பட்டை வேண்டியிருக்கவில்லை. ஆகவே சென்செய்க்கு உதவியாக, வருகைப் பதிவு பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரே வாரத்தில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். மோரி சென்செய்க்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு ஆர்வமுள்ள மாணவர்களைத் தன் நாட்டில்கூடக் கண்டதில்லை என்றார்.

பிறகு எல்லா அடையாளங்களும் ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து சேர்ந்தன. ஆண்கள் எழுத்துக் கூட்டினார்கள், பெண்கள் கிழங்கு தோண்டினார்கள். மற்றத் தோட்டங்களிலிருந்து வந்து தங்கிய மாணவர்களுக்கு ராக்கம்மா என்ற விதவை மெஸ் வைத்தாள். காலையில் அவித்த மரவள்ளி, மத்தியானம் பிசைந்த மரவள்ளி, ராத்திரிக்குச் சுட்ட மரவள்ளி. மாணவர்கள் கூட்டமாகப் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிழங்கு சுமந்து வரும் சொந்தப் பெண்டாட்டிக்கே வழிவிட மறுத்தார்கள். கிழங்கில் உப்பில்லை என்று ஒரு நாள் சாப்பிடாமல் வேலைநிறுத்தம் வேறு.

"படிக்கிற பசங்களாம்! பேரன் எடுத்த பசங்க! உப்பு வேணும்னா ஒங்க சென்செயப் போயி கேளுங்கடா" என்று ராக்கம்மா அகப்பையைத் தூக்கினாள். எனக்குக் கும்பகோணத்து அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

5

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கும்போது சென்செய் தேர்வு விதிகளை அறிவித்தார். நன்றாகத் தேறுகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாகச் சயாம் ரயில் பாதைக்குப் போவார்கள். ஒன்றுமே எழுதாதவர்களின் பட்டை கழற்றப்படும். கழற்றினால் வாசலில் லாரி, அவர்களும் சயாமுக்குத்தான், மண் சுமக்க. இரண்டுக்கும் நடுவில் தவறுகிறவர்கள் அதே வகுப்பில் மறுபடி உட்காரலாம்.

ஆக, படித்தாலும் சயாம், படிக்காவிட்டாலும் சயாம். கௌரவமாகத் தோற்பவன் மட்டுமே வீட்டில் இருப்பான். என் வாழ்க்கையில் முதல்முறையாக என் கல்வித் தகுதிக்கு மதிப்பு உண்டாயிற்று.

சாயங்காலங்களில் ரப்பர் புகை போடும் கொட்டகையில் பாடம் நடத்தினேன். தெரியாததை எழுதாமல் விடாதே, பக்கத்தை நிரப்பு. தெரிந்ததைச் சரியாக ஆரம்பித்துப் பாதியில் குழம்பிப் போ. அப்போதுதான் வாத்தியாருக்கு உன்மேல் நம்பிக்கை போகாது, அடுத்த தடவை தேறிவிடுவாய் என்று நினைப்பார். பக்கத்தில் இருப்பவன் செய்யும் தப்பை நீயும் செய்யாதே, உனக்கென்று சொந்தமாக ஒரு தப்பு வேண்டும். கங்காணி சின்னையா இந்தக் கலையில் என்னையே மிஞ்சினார். எல்லாருக்கும் வந்தது. தங்கராசுவுக்குத்தான் வரவில்லை.

தங்கராசு சிவகாமியின் தம்பி. அவர்களுடைய அப்பா கெமாஸில் ரயில்வேயில் இருந்தவர். அம்மா முன்னமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது இவள்தான். கெமாஸ் ஸ்டேஷனிலேயே ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனை எங்களோடு வைத்துக்கொண்டாள். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. மற்றவர்கள் பட்டைக்காகப் படித்தார்கள், அவன் மட்டும் படிப்புக்காகப் படித்தான். வாசலில் மண்ணைப் பரப்பிக் குச்சியால் அந்த எழுத்துகளைப் போடுவான், திருப்தி இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி போடுவான். வகுப்பு முடிந்த பிறகும் சென்செயை விடமாட்டான்.

"இங்க பாருங்க, ஊரு ஆளுங்கள எல்லாம் பெயிலாக்குறீங்க. என் தம்பி ஒருத்தன பெயிலாக்க முடியலியா ஒங்களால?" என்றாள் சிவகாமி. எங்கள் பெண் வசந்தி அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் அழுதாள்.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"தெரிஞ்சத எப்படி மாமா தெரியாத மாதிரி எழுதுறது? கை வரல" என்றான்.

"பழகினா வரும்டா. எனக்கு வரலையா?"

முதல் தேர்வன்று அவன் அக்கா அவனை நம்பவில்லை. காலையில் மருந்து என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டாள். பாதித் தாளில் எழுந்து ஓடியவன் திரும்பவேயில்லை. அந்தத் தடவை தப்பித்தான். இரண்டாம் தேர்வுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம் அக்கா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தான். செய்தும் காட்டினான். முடிவு சொன்ன அன்று தோட்டம் முழுவதும் பெயில் என்று தெரிந்ததும் ராக்கம்மா மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். தங்கராசு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என் தாளப் பாத்துட்டு, ஒனக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாரு மாமா. நெத்தியில கைய வச்சுப் பாத்தாரு."

எனக்குப் பாடம் நடத்தியவர்கள் யாரும் என் நெற்றியைத் தொட்டதில்லை.

6

இப்படியே யுத்தம் முடியும்வரை நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்திருப்போம். அதற்குள் சென்செய்க்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவருக்குப் பதிலாக வேறொரு ஆசிரியர் வருவார், பள்ளி நடக்கும் என்றார்கள். சரி, வருகிறவரிடமும் தோற்போம் என்று இருந்தோம்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரை யாராவது மாற்றலாகிப் போனால் மாலை போட்டு உபசாரப் பத்திரம் வாசிக்க வேண்டும். கங்காணி சின்னையாவுக்கு அது மனப்பாடம். எல்லாத் துரைக்கும் ஒரே பத்திரம்தான், பெயரை மட்டும் மாற்றுவார். எங்கள் அறியாமை இருளை நீக்க வந்த ஞான சூரியனே, உங்கள் திருவாய் மொழியால் நாங்கள் மனிதரானோம், நீங்கள் ஊட்டிய கல்வி எங்கள் நாவில் நிற்கிறது, இந்த ரீதியில் அரைமணி நேரம் போகும். நாயோடு காரில் போன துரை அதற்கு முன்பு ஒருமுறை சீமைக்கு லீவில் போனபோதும் இதைத்தான் ஒப்பித்தார்.

"நல்ல மனுசன். நாலு நல்ல வார்த்த சொல்லி அனுப்பணும் லா. புதுசா வர்றவன்கிட்டயும் நம்மளப் பத்தி நல்லதா சொல்லிட்டுப் போவாரு" என்றார் கங்காணி. யாருக்கும் இதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. உபசாரப் பத்திரத்தை இதுவரை எவன் நம்பியிருக்கிறான்? சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். மேடையில் போட்ட மாலையை மேடையிலேயே கழற்றி வைப்பதுபோல அந்த வார்த்தைகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.

ஜப்பானிய மொழியில் அதைத் திருப்பிச் சொல்லத் தங்கராசுவை விட்டால் ஆள் ஏது? அவன் என்னிடம் வந்தான்.

"இத மட்டும் தப்பா வாசிக்கச் சொல்லாதீங்க மாமா. அவரு என் வாத்தியாரு."

தாராளமாக வாசி என்றேன். விடைகொடுக்கும் கூட்டத்தில் மதிப்பெண் போடுவார்கள் என்று யார் கண்டார்கள்?

வாசித்தான். அப்படி ஒரு குரல் அவனுக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. எங்கும் தடுமாறவில்லை. அந்த மொழி எனக்கு அரைகுறைதான், ஆனாலும் நன்றாகப் பேசுகிறான் என்பது காதுக்குத் தெரிந்தது. மோரி சென்செய் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். எழுந்து எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு பேசினார். தங்கராசு அவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"நீங்க யாரும் பெயிலாவல, என் பரிட்சதான் பெயிலாயிருச்சின்னு சொல்றாரு. இவ்வளவு நல்லா பேசத் தெரிஞ்சவங்கள, இவ்வளவு நன்றியுள்ளவங்கள, பேப்பர்ல எழுதச் சொல்லி அநியாயம் பண்ணிட்டேங்கிறாரு. போறதுக்கு முன்ன அதச் சரி பண்ணிட்டுப் போவாராம்."

அங்கே நிறுத்தினான். சென்செய் புன்னகையோடு காத்திருந்தார்.

"எல்லாரும் பாஸுன்னு சொல்றாரு" என்றான்.

கும்பகோணத்தில் கருணை மதிப்பெண்ணுக்காக நான் விழுந்து கும்பிடாத சாமி இல்லை. ஒரு சாமியும் அசையவில்லை. இங்கே கேட்காமலே அள்ளிக் கொட்டிவிட்டார். சென்செய் எங்கள் முகங்களில் சந்தோஷத்தைத் தேடினார். கடைசியில் கங்காணி சின்னையா கை தட்ட ஆரம்பித்தார். நாங்களும் தட்டினோம்.

கூட்டம் கலைந்த பிறகு சிவகாமி பங்களாவுக்கு ஓடினாள். நான் பின்னால் போவதற்குள் சென்செயின் காலில் விழுந்துவிட்டாள். தங்கராசு அங்கேதான் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என் தம்பி மக்கு, ஒண்ணும் தெரியாதவன், மனப்பாடமா ஒப்பிச்சான்னு சொல்லுடா. நீயே சொல்லுடா அவருகிட்ட" என்று கத்தினாள்.

தங்கராசு சென்செயைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"அத என் வாயால எப்படிக்கா சொல்றது?"

அவள் நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று சென்செய் நினைத்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கி நிறுத்தி, அவளுக்கும் குனிந்து வணங்கினார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றைக்கும் வராது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

7

கல்லூரி ஊருக்குக் கடைசியாக ஒரு அடையாளம் உண்டு, கும்பகோணத்துக்காரர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தேறியவர்கள் ஊரில் தங்கமாட்டார்கள். அந்த வகையில் வளைவுத் தோட்டத்துக்கு ஈடாக ஒரு ஊர் உலகத்தில் இருக்க முடியாது. ஒரே நாளில் மொத்தப் பேரும் சயாமுக்குப் போய்விட்டார்கள். ராக்கம்மாவின் மெஸ்ஸில் அன்று அவித்த கிழங்கு அப்படியே இருந்தது.

செரம்பான் ஸ்டேஷனில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றினார்கள். பெண்களை உள்ளே விடவில்லை. ஆபீஸ் வேலையாக நான் மட்டும் போக முடிந்தது. கங்காணி சின்னையா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேமாட்டேன் என்றார், ஒரு சிப்பாய் வந்து பிரித்தான். தங்கராசு கதவோரத்தில் நின்றான். பயந்திருப்பான் என்று ஆறுதல் வார்த்தைகளோடு போயிருந்தேன். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"மாமா, எனக்குத்தான் மொத எடம்னு சென்செய் சொன்னாரு. அக்காகிட்ட சொல்லிருங்க."

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

யுத்தம் முடிந்து சிலர் திரும்பினார்கள். கங்காணி சின்னையா வீங்கிய காலோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். முகாமில் காலரா வந்ததையும், மழை விடாமல் பெய்ததையும், தங்கராசுவை மற்றவர்களோடு சேர்த்து எரித்ததையும் சொன்னார். சிவகாமி அன்று அழுதது போதாதென்று எத்தனையோ நாள் அழுதாள். நானும் அழுதேன். அவன் எனக்கு மைத்துனன் மட்டுமில்லை, என்னிடம் படித்தும் உருப்படாமல் போகாத ஒரே மாணவன்.

பிறகு நாங்கள் தெமியாங்குக்கு வந்தோம். வசந்தி பள்ளிக்கூடம் போனாள். ஒரு வருஷம் அவள் கணக்கில் தவறிவிட்டு, தேர்வு அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதபடி வந்தாள். நான் நல்ல தகப்பனாகக் குரலை உயர்த்தினேன். சிவகாமி அடுப்படியிலிருந்து வந்து என்னை ஒரு கையால் ஒதுக்கினாள். பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"பெயிலானா என்னாடி? பெயிலானவங்க வீட்டுக்கு வந்துருவாங்க" என்றாள்.

அப்புறம் எழுந்து போய் அடுப்பை மூட்டி, சேமியா பாயசம் வைத்தாள். வசந்தி அழுகையை மறந்து குடித்தாள். அம்மாவின் அந்தப் பைத்தியக்காரத்தனத்தை இன்றும் தன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அன்று சிவகாமி என் கையிலும் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். நான் அதைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.